தொட்டிச் செடியின் இலை மஞ்சளாவது ஏன்?



மாடித் தொட்டியில் கறிவேப்பிலைக் கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், உரம் போதவில்லை என்று மேலும் உரம் போடுகிறோம். பல நேரங்களில் குறை உரத்தில் இல்லை. மண்ணில் காரம் ஏறியிருக்கிறது. மண்ணின் அமில, காரத் தன்மையை பி.எச். எண்ணால் அளக்கிறார்கள். 7 நடுநிலை. பெரும்பாலான தொட்டிச் செடிகளுக்கு 6 முதல் 7 வரை ஏற்றது. 7.5ஐத் தாண்டினால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க இயலாது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த போர் தண்ணீரையே நாள்தோறும் ஊற்றினால் இப்படி ஆகும்.

காய்ந்த மண்ணில் சிறிது வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

அத்தகைய தொட்டியில் மட்கிய உரத்துடன் ஒரு தேக்கரண்டி கந்தகத் தூள் கலக்கலாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு மறுபடி போடாதீர்கள். உடனடி நிவாரணத்துக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். தெளித்த இலையைச் சில நாள் விட்டு, நன்கு கழுவிய பிறகே சமையலில் சேருங்கள். மழைநீர் கிடைத்தால் அதையே ஊற்றுங்கள்.

அடுப்புச் சாம்பல், துணி துவைத்த நீர், நம் ஆரணியில் பட்டு நூலைச் சோப்பு, சோடா போட்டு வேகவைத்த நீர் மூன்றும் காரத்தை ஏற்றும், தொட்டிக்கு ஆகாது. அடுத்த முறை உரம் வாங்கப் புறப்படுமுன் மண்ணைச் சோதியுங்கள். இன்ஷா அல்லாஹ், காசும் மிஞ்சும், செடியும் பிழைக்கும்.