“மிஸ், தண்ணிக்கு எவ்வளவு கழிக்கணும்?”

ஹற்றனுக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலை. தரம் 4, கணித பாடவேளை. கரும்பலகைக்கு முன்னால் கல்வியியல் கல்லூரி ஆசிரிய மாணவி ஒருவர். பின்வரிசையில் குறிப்புப் புத்தகத்தோடு அவருடைய விரிவுரையாளர். அன்றைய பாடம் நிறை.

“பெட்டியோடு சேர்த்து அப்பிளின் நிறை 5 கிலோகிராம். வெறும் பெட்டி 1 கிலோகிராம். அப்படியென்றால் அப்பிளின் நிறை என்ன?”

பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: “மிஸ், தண்ணிக்கு எவ்வளவு கழிக்கணும்?”

வகுப்பே சிரித்தது. “பாடத்துல இல்லாதத கேக்காதீங்க” என்றார் ஆசிரியை. அதன்பிறகு ஒரு கையும் உயரவில்லை. 40 நிமிடம் முடிந்தபோது கொடுத்த பயிற்சித்தாள்களில் பாதிக்கு மேல் வெறுமையாகத் திரும்பி வந்தன.

சில வாரங்கள் கழித்து அவரைச் சந்தித்தபோது அன்று இரவு எழுதிய குறிப்பைக் காட்டினார். “மாணவர்கள் ஒத்துழைக்கவில்லை. வகுப்பு கட்டுப்பாட்டில் இருக்கவில்லை.” அதன் கீழே விரிவுரையாளர் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: “அந்தப் பையன் ஏன் அப்படிக் கேட்டான்?”

வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தொழிலாளர்கள் பறித்த கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்படும். சாக்கின் நிறையைக் கழிப்பார்கள். மழை நாளில் ஈரத்துக்கும் கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் காலங்காலமாகத் தகராறு. தோட்டம் கேட்கும் கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். ஆகவே கழித்தல் என்பது அந்தப் பையனின் வீட்டில் தினமும் இரவில் பேசப்படும் விஷயம். அவன் குழப்படி செய்யவில்லை. வகுப்பில் பாடத்துக்கு மிக அருகில் நின்றவன் அவன்தான்.

“எங்கம்மாவும் கொழுந்துதான் எடுக்குறாங்க அக்கா. அவன் கேட்டது எனக்கு வெளங்காம இல்ல. பின்னாடி சேர் உக்காந்திருக்காங்க, இந்த நேரத்துல தோட்டத்துப் பேச்சு எதுக்குன்னு பயந்துட்டேன்” என்றார் அவர்.

அந்தப் பயம் அவருடையது மட்டுமல்ல. 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே விடப்பட்டன. தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட பிறகு, 1970 களின் பிற்பகுதியிலிருந்துதான் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. பத்தனையில் ஜேர்மன் உதவியோடு ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி அமைந்ததும் அதற்குப் பின்னர்தான். இப்படிப் பிந்திக் கிடைத்த படிப்பில், லயத்தை வாசலுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குள் வரவேண்டும் என்ற எண்ணம் பலருக்கு ஊறிவிட்டது.

எனக்கும் அப்படி ஒரு வகுப்பு உண்டு. 2009 இல் முகாமில் தறப்பாளின் கீழே சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டராகப் படிப்பித்தேன். “எங்கள் வீடு” என்று படம் கீறச் சொன்னேன். ஒரு பிள்ளை தாளைக் கிழித்துவிட்டு எழும்பிப் போனது. “அடங்காத பிள்ளை” என்றுதான் அன்று நினைத்தேன். நான் கேட்ட கேள்வி பிழை என்று புரிய வருடங்கள் சென்றன. யாரும் என்னிடம் “ஏன்” என்று கேட்டிருக்கவில்லை.

அந்தக் கேள்வியைத்தான் ஆசிரியர் பயிற்சியில் மீள்சிந்தனை என்கிறார்கள். ஜோன் டூயி இதற்கு அடித்தளம் இட்டார். 1983 இல் டொனால்ட் ஷோன் இதை இரண்டாகப் பிரித்தார்: வேலை நடக்கும்போதே யோசித்து மாற்றுவது ஒன்று, முடிந்த பிறகு திரும்பிப் பார்ப்பது மற்றது. 1988 இல் கிரஹாம் கிப்ஸ் அதை ஆறு படிகளாக்கினார். என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்றாக, எது மோசமாக நடந்தது, ஏன், வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன்.

பலரும் இந்த ஆறையும் படிவம்போல நிரப்பிக் கையளித்துவிடுகிறார்கள். சறுக்கும் இடம் நான்காவது படியான “ஏன்”. அங்கே “பிள்ளைகள் சரியில்லை” என்று எழுதினால், அடுத்த முறை செய்வதற்கு எதுவும் மிஞ்சாது, அதட்டுவதைத் தவிர. “நான் பயந்தேன்” என்று எழுதினால் மாற்றுவதற்கு ஒன்று கிடைக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அவர் அதே பாடத்தை மீண்டும் எடுத்தார். அப்பிள் படம் இல்லை. ஒரு சமையலறைத் தராசு, ஒரு சிறிய சாக்கு, ஒரு வாளித் தண்ணீர், பிள்ளைகள் பிடுங்கி வந்த இலைகள். காய்ந்த இலையை நிறுத்தார்கள், நனைத்து நிறுத்தார்கள், இரண்டுக்கும் வித்தியாசம் பார்த்தார்கள். எல்லோருக்கும் விளங்கிவிடவில்லை. கிலோகிராமை கிராமாக மாற்றுவதில் இன்னும் தடுமாறுகிறார்கள். ஆனால் அன்று வெறுந்தாள் ஒன்றும் வரவில்லை.

முடிவில் அதே பையன் எழும்பினான். “அப்ப எங்கம்மாவுக்கு மூணு கிலோ கழிச்சது சரியா மிஸ்?”

தோட்டத்திலேயே குடியிருந்து, அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே படிப்பிக்கப்போகும் ஒருவருக்கு இது லேசான கேள்வியல்ல.

“நான் அங்க நின்னு பாக்கலியே, எனக்குத் தெரியாதுப்பா. ஆனா எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு இப்ப உனக்குத் தெரியும்னு சொன்னேன்” என்றார். அன்றைய மீள்சிந்தனைக் குறிப்பில் இதையும் எழுதியிருக்கிறார். விரிவுரையாளர் கீழே எதுவும் எழுதவில்லையாம். சரி என்று ஒரு கோடு மட்டும்.