கணேசனும் கணேஷும்: ஆண்பாற் பெயர்களின் ஈறு

ஆண் குழந்தைக்குப் பெயரிட முனையும் பெற்றோர், கணேசன், கணேஷ் என்னும் இரண்டனுள் ஒன்றைத் தெரிவு செய்கையில் பெரும்பாலும் ஓசையையே கருதுகின்றனர். ஆயின், அத்தெரிவில் இருவேறு மொழிகளின் இலக்கணம் அடங்கியுள்ளது.

வடமொழியில் அகர ஈற்றதாகிய ‘கணேச’ என்பது, தமிழில் ‘அன்’ என்னும் ஆண்பால் ஈறு பெற்றுக் கணேசன் ஆயிற்று. இந்தியில் சொல்லிறுதி அகரம் ஒலிக்கப்படாமையின் அச்சொல் மெய்யீறாக ஒலிக்கின்றது. அவ்வடிவே தமிழில் கணேஷ் என எழுதப்படுகின்றது. இவ்விறுதி தமிழ்ச் சொற்களுக்கு இயல்பன்று. சுரேசன், சுரேஷ், மகேசன், மகேஷ் முதலிய இணைகளும் இத்தகையனவே.

வேற்றுமை உருபேற்பதில் இவற்றிடையே இடர்ப்பாடு இல்லை. கணேசனை, கணேஷை என இரண்டும் உருபேற்கும். விளியில்தான் வேறுபாடு புலனாகின்றது. னகர ஈற்று உயர்திணைப் பெயர்கள் விளியேற்கும் என்பது தொல்காப்பிய நெறி. அதன்படிக் கணேசன் ‘கணேசா’ என்றாகும். கணேஷ் பெரும்பாலும் திரிபின்றி நின்றே விளியாகும்.

மொழிபெயர்ப்பாளர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். இந்திப் புதினத்தில் வரும் கணேஷைக் கணேசன் ஆக்கின், அப்பாத்திரம் தமிழராகத் தோன்றும். தமிழ்க் கதையில் வரும் கணேசனை இந்தியில் கணேஷ் ஆக்கின், ஈற்றோடு அவர்தம் மண்ணின் அடையாளமும் மறையும். மூலத்தின் ஈற்றைப் பேணுதலே தக்கது.