குடுவையில் பிறக்கும் பேரீச்சை, குடியானவனுக்குக் கிட்டுமா?

கொட்டை ஊன்றி வளர்க்கும் பேரீச்சையில் பாதி ஆண் மரம், காய்க்காது. பூக்கும்வரை எது ஆண், எது பெண் என்று தெரியாது. அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். பக்கக் கன்றுகளோ ஒரு மரத்துக்குச் சிலவே.

விஞ்ஞானம் வழி கண்டது. காய்க்கும் தாய்மரத்தின் குருத்துத் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தால், விதையின்றியே கருக்கள் திரளும். தாயை ஒத்த பெண் கன்றுகளாகும்.

தர்மபுரியின் வறண்ட மண்ணிலும் பேரீச்சை காய்க்கிறது. ஆனால் கன்றின் விலை ஆயிரக்கணக்கில்! ஏக்கருக்கு எழுபது கன்று வாங்க ஏழை உழவன் எங்கே போவான்?

1912இல் அரசு அமைத்த கோவைக் கரும்பு நிலையம் 1918இல் ஈன்ற 'கோ 205' பஞ்சாப் வரை பரவியது. பொதுப்பணம் பொதுமக்களுக்குப் பயன்பட்டது!

அந்த வழியே பேரீச்சைக்கும் வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகம் கன்றைப் பெருக்கட்டும். கூட்டுறவுச் சங்கங்கள் வழங்கட்டும்! குடுவைக்குள் பிறந்தது கோடீசுவரன் தோட்டத்தோடு நின்றுவிடலாமா?