மூக்கை இறக்கணுமா, இழுக்கணுமா? வால் ஸ்டாலின் கதை

போன எபிசோடைக் கேட்டுட்டு ஐயம்பேட்டையிலேர்ந்து ஒரு நேயர் கேட்ட கேள்வி: “ஸ்டால் ஆனா மூக்கைக் கீழே இறக்கணும்னு சொன்னீங்களே, எப்பவுமே அப்படித்தானா?” கிட்டத்தட்ட எப்பவுமே அப்படித்தான். ஆனா ஒரு வகை ஸ்டால்ல மட்டும் அதுவே உயிருக்கு ஆபத்து.

முதல்ல வழக்கமான ஸ்டால். வேகம் குறைஞ்சு, மூக்கு அதிகமா தூக்கியிருந்தா, இறக்கைமேல ஒட்டி ஓடுற காற்று பிரிஞ்சுடும். தூக்குவிசை போயிடும். அப்போ மூக்கை இறக்கி, எஞ்சின் சக்தியைக் கூட்டணும். 2000 ஜூலை 17 அன்று பாட்னாவில் இறங்க வந்த அலையன்ஸ் ஏர் 7412 விமானத்தில், ஸ்டால் வரப்போகுதுன்னு கட்டுப்பாட்டுக் கம்பு அதிர்ந்து எச்சரித்தது. விமானிகள் ஸ்டாலிலிருந்து மீளும் முறைக்குப் பதிலாக, மறுபடி மேலே ஏறும் ‘கோ அரவுண்ட்’ முறையைத் தொடங்கினார்கள் என்றது விசாரணை. தரையில் இருந்த 5 பேர் உட்பட 60 பேர் இறந்தார்கள்.

இப்போ வால் ஸ்டால். விமானத்தோட எடை, இறக்கையின் தூக்குவிசைக்குக் கொஞ்சம் முன்னால இருக்கு. அதனால மூக்கு எப்பவும் கீழே சாயப் பார்க்கும். சீசா பலகையோட மறுமுனையில உட்கார்ந்த பிள்ளை மாதிரி, வால் கீழ்நோக்கி அழுத்தித்தான் அதைச் சமன் செய்யுது. வாலின் முன்விளிம்பு இறக்கையைவிட மெல்லிசு. பனி சீக்கிரம் படியும், விமானி கண்ணுக்கும் தெரியாது. இறங்கும்போது ஃபிளாப்பை முழுசா இறக்கினா, இறக்கையைத் தாண்டி வர்ற காற்று இன்னும் செங்குத்தா கீழே பாயும். பனி படிஞ்ச வால் அந்தக் கோணத்தைத் தாங்காம ஸ்டால் ஆகும். அழுத்தம் போச்சுன்னா, மூக்கு சட்டுன்னு தரையைப் பார்க்கும்.

இதுக்கு மருந்து நேர் எதிர்: கம்பைப் பின்னால இழுக்கணும், ஃபிளாப்பை முன்னிருந்த நிலைக்கே ஏத்தணும். 1977 ஜனவரி 15 அன்று ஸ்டாக்ஹோம் அருகே ஒரு விஸ்கவுன்ட் விமானம் இப்படித்தான் வாலில் படிந்த பனியால் விழுந்து, அதிலிருந்த 22 பேரும் இறந்தார்கள்.

எது எதுன்னு எப்படித் தெரியும்? கடைசியா என்ன செஞ்சோம்னு பார்க்கணும். பனியில பறந்துட்டு, ஃபிளாப் இறக்கின உடனே மூக்கு விழுந்தா வாலைச் சந்தேகிக்கலாம். வேகம் குறைஞ்சு, எச்சரிக்கைக் கருவி கம்பை அதிரவெச்சா அது இறக்கைதான். அந்தக் கருவி வாலைக் கவனிக்கிறதே இல்லை. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ அருகே அந்த எச்சரிக்கை வந்தபிறகும் கேப்டன் கம்பை இழுத்தார். 50 பேர் பலியானார்கள். அவர் வால் ஸ்டால்னு நினைச்சாரோங்கிற கேள்வி எழுந்தது. அதற்கு வாய்ப்பு குறைவு என்றது விசாரணை.

சென்னைக்கு இறங்குற விமானத்துல இந்தப் பயம் வேண்டாம். நம்ம வெயில்ல பனி கீழே வர்றதுக்குள்ள உருகிடும். அடுத்த கேள்வியையும் அனுப்புங்க, அடுத்த வாரம் பேசுவோம்!