ரேகை வைக்க வழி எங்கே?

விசா மையத்தில் கைரேகை எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. கண்ணாடிப் பலகைமேல் முதலில் ஒரு கையின் நான்கு விரல், அடுத்து மறு கையின் நான்கு விரல், கடைசியில் இரண்டு கட்டைவிரல். கேமராவைப் பார்த்து ஒரு படம். சென்னையில் இருப்பவர் அரைநாள் லீவு போட்டு முடித்துவிடுகிற வேலை. காசாவில் இருப்பவருக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைக்க, மூன்று அரசுகள் ஒரே நாளில் ஒரே பெயருக்குச் சம்மதம் சொல்ல வேண்டும்.

2023 அக்டோபரில் போர் மூண்டதும் காசாவில் இருந்த பிரிட்டன் விசா மையம் மூடப்பட்டது. அங்கிருந்தவர்கள் போகக்கூடிய மையங்கள் எகிப்தின் கெய்ரோவிலும் ஜோர்டானின் அம்மானிலும் இருந்தன. எகிப்துக்குப் போகும் ரஃபா எல்லைவாசலை 2024 மே மாதம் இஸ்ரேல் ராணுவம் கைப்பற்றியதோடு சாதாரணப் பயணிகளுக்கு அந்த வழியும் அடைபட்டது. பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் இடமும் முழு உதவித்தொகையும் பெற்ற மாணவர்கள் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். விசா வேண்டுமானால் ரேகை தர வேண்டும். ரேகை தர வெளியே போக வேண்டும். வெளியே போக இஸ்ரேல் அனுமதிக்க வேண்டும், ஜோர்டான் உள்ளே விட வேண்டும். வருகிறவர் இங்கேயே தங்கிவிடாமல் மேற்கொண்டு போய்விடுவாரா என்று ஜோர்டான் கேட்டால், காட்டுவதற்குக் கையில் விசா இல்லை. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தாயிற்று.

இந்தச் சுற்றைத் தனி மனிதர் யாரும் உடைக்க முடியாது. அரசுதான் உடைக்க வேண்டும், 2025-ல் அது நடந்தது. மாணவர்களும் பேராசிரியர்களும் எம்.பி.க்களும் மாதக்கணக்கில் குரல் கொடுத்த பிறகு, பிரிட்டன் அரசே மாணவர்களை வெளியேற்ற முன்வந்தது. ஜோர்டானுக்கு அழைத்துவந்து, ரேகை பதித்து, செப்டம்பரில் 30-க்கும் மேற்பட்டோரைப் பிரிட்டனில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். விதிப்புத்தகத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. இவர்கள் எங்கள் பொறுப்பு என்று ஓர் அரசு ஏற்றுக்கொண்டதும் எல்லைவாசல் திறந்தது.

அப்படி ஏற்றுக்கொண்ட பிறகும் வேலை லேசானதல்ல. பட்டியலில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஓர் எழுத்து பிசகினால்கூட ஆள் சோதனைச் சாவடியோடு நிற்க வேண்டியதுதான். புறப்படும் நேரம் கடைசி நிமிடத்தில்தான் தெரியவரும். அதைச் சொல்ல போனில் சிக்னல் வேண்டும், போனில் சார்ஜ் வேண்டும், கூடாரத்திலிருந்து வண்டி நிற்கும் இடத்துக்குப் போகும் சாலையில் குண்டு விழாமல் இருக்க வேண்டும். இத்தனையும் கூடிவந்து அம்மானில் இறங்கினால்தான் அந்தக் கண்ணாடிப் பலகை.

இதே பிரிட்டன் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறு மாதிரி நடந்துகாட்டியது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மார்ச் 4-க்குள் ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து, உக்ரைனியர்களுக்கு விசா இல்லாமலே தங்க இடம் தந்தது. பிரிட்டன் முதலில் பழைய வழியிலேயே போனது. பிரெஞ்சுத் துறைமுகமான கலே வரை வந்துவிட்ட குடும்பங்களை, பாரிஸுக்கோ பிரஸ்ஸல்ஸுக்கோ போய் ரேகை வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். எதிர்ப்பு வெடித்தது. மார்ச் 15 முதல், செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் ஆன்லைனில் விண்ணப்பித்தால் போதும், ரேகையைப் பிரிட்டன் வந்த பிறகு கொடுக்கலாம் என்று விதி மாறியது. மாற்றத்துக்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை. கனடாவும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ரேகையிலிருந்து விலக்கு அளித்தது. உக்ரைனைச் சுற்றியுள்ள நாடுகளுக்கு நடமாடும் ரேகைக் கருவிகளை அனுப்பிவைத்தது.

ஆக, கருவி நகரும், விதியும் நகரும். யாருக்காக நகர்கிறது என்பதில்தான் எனக்கு ஆற்றாமை.

ரேகைச் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயர் மாற்றி வருபவரை அது பிடிக்கும், ஆள்கடத்தல்காரர்களின் போலிப் பத்திரத்தையும் அது காட்டிக்கொடுக்கும். விசாவுக்காக எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ரேகை எடுக்கும் முறையைப் பிரிட்டன் வெள்ளோட்டம் பார்த்தது 2003-ல், இலங்கையில்தான். நாடுவிட்டுப் போகிறவரின் விரல்மேல் இருக்கும் சந்தேகம் நம்மவர்களுக்குப் புதிதல்ல.

சேகரித்த தகவலுக்கும் ஆபத்து உண்டு. 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது, அமெரிக்க ராணுவம் ஆப்கானியர்களின் ரேகையும் கருவிழியும் பதியப் பயன்படுத்திய கருவிகள் தாலிபான் கைக்குப் போயின. போர்ப் பகுதிக்குள் ரேகை எடுப்பவர், நிலைமை கைமீறினால் அந்தப் பதிவுகளை எப்படி அழிப்பது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். காகிதம் மட்டும் என்ன வாழ்ந்தது? 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை வெடித்து மேற்கத்தியத் தூதரகங்கள் காலி செய்துவிட்டுப் போனபோது, விசாவுக்காகக் கொடுத்திருந்த சூடானியர்களின் பாஸ்போர்ட்டுகள் உள்ளேயே மாட்டிக்கொண்டன. அமெரிக்கத் தூதரகம் தன்னிடம் இருந்தவற்றை அழித்தே விட்டது. உரியவர்கள் தலைநகர் கார்ட்டூமில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே, கையில் எந்த ஆவணமும் இல்லாமல் நின்றார்கள்.

ரேகைக்கு முன்பே விண்ணப்பத்தைப் பரிசீலித்துவிடும் ஏற்பாடு பிரிட்டன் விதிகளில் 2023 முதலே இருக்கிறது. ஆனால் பயணம் உயிருக்கு ஆபத்தானது, தேவை அவசரமானது, ஆள் யாரென்பதில் ஐயமில்லை என்று எல்லாவற்றையும் விண்ணப்பதாரரே நிரூபிக்க வேண்டும். குண்டு விழும் ஊரில் இருப்பவரிடம், அங்கே குண்டு விழுகிறது என்பதற்கு ஆதாரம் கேட்பது நியாயமில்லை. ஓர் ஊரில் தன் மையத்தை ஆபத்து என்று மூடிய அரசு, அந்த ஊர்க்காரர் அனைவருக்கும் அந்த ஏற்பாட்டைத் தானாகவே தர வேண்டும். விண்ணப்பத்தைப் பார்த்து, ரேகை சரியாக இருந்தால் விசா உறுதி என்று கடிதம் கொடுத்துவிட்டால், ஜோர்டானிடம் காட்ட அந்த மாணவர் கையில் ஏதோ ஒன்று இருக்கும். ரேகையை அம்மானில் எடுக்கலாம், லண்டன் விமான நிலையத்திலும் எடுக்கலாம். பல்கலைக்கழகங்கள் செப்டம்பரில் திறக்கின்றன. கடிதம் கோடைக்குள் வர வேண்டும்.