காப்பாற்றும் கடமையைப் பிள்ளையிடம் கொடுத்தது யார்?

பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளைக்குத் திடீரென அபூர்வ சக்தி கிடைக்கிறது. அன்றிலிருந்து ஊரைக் காப்பாற்றுவது அந்தப் பிள்ளையின் கடமையாகிவிடுகிறது. 1962இல் அறிமுகமான ஸ்பைடர்மேன் முதல், இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்க்கும் தொடர்கள் வரை கதை பெரும்பாலும் இதுதான்.

போரைக் கண்ட வீடுகளில் இந்தக் கதை கொஞ்சம் வேறுமாதிரிக் கேட்கும். “உன்னால்தான் முடியும்” என்று ஒரு பிள்ளையிடம் சொல்லப்படும்போது, அதைச் சொல்வது யார், அவருக்கு என்ன தேவை என்று எங்களில் பலருக்குக் கேட்கத் தோன்றும்.

அந்தக் கேள்வியையே ஒரு நாவலாக்கியிருக்கிறார் கொழும்பைச் சேர்ந்த எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகர. 2023இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’, மறு ஆண்டு சிறந்த நாவலுக்கான நெபியூலா விருதைப் பெற்றது. இது வளர்ந்தவர்களுக்கான நாவல். ஆனால், சாகசக் கதைகள் சொல்லாமல் விடும் பக்கத்தை இது சொல்கிறது.

கதாநாயகன் ஃபெட்டருக்கு நிழல் கிடையாது. கவனம் தவறினால் கால்கள் நிலத்தைவிட்டு எழும்பிவிடும். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத பேய்கள் அவனுக்குத் தெரியும். இத்தனை சக்தியும் எதற்கு? மக்கள் புனிதராக வணங்கும் அவனுடைய தந்தையைக் கொல்வதற்கு. அதற்காகவே தாய் அவனைச் சிறுவயதிலிருந்து பழக்குகிறாள். வளர்ந்தபின் அவன் அந்தக் கடமையைக் கைவிட்டு லூரியட் என்ற நகரத்துக்குப் போகிறான். அங்கே அவனைப்போலவே ஏதோவொரு பெரும் பணிக்கென வளர்க்கப்பட்டு, அதிலிருந்து விலகியவர்கள் கூடிப் பேசும் குழுவொன்றில் சேர்கிறான்.

‘ஃபெட்டர்’ என்றால் தளை. பௌத்த மரபில் சித்தார்த்தர் விட்டுச்சென்ற மகன் ராகுலனின் பெயருக்கும் அதே பொருள் சொல்வார்கள். மதமும் அரசும் கலவரமும் பின்னிக்கிடக்கும் லூரியட், இலங்கை வாசகருக்கு அந்நியமான நகரமல்ல.

எங்கள் பிள்ளைகளுக்கு நடந்தது கற்பனையல்ல. 17 வயதுக்குட்பட்டோரைச் சேர்ப்பதில்லை என்று 1998 மே மாதம் விடுதலைப் புலிகள் ஐ.நா. விசேட பிரதிநிதி ஒலாரா ஒட்டுனுவிடம் உறுதியளித்தார்கள். ஆட்சேர்ப்பு நிற்கவில்லை. கிழக்கில் பிரிந்துபோன கருணா குழுவும் பிள்ளைகளைப் பிடித்தது. அதற்குப் படையினரில் சிலர் உடந்தையாக இருந்தனர் என்று 2006 நவம்பரில் ஐ.நா.வின் அலன் ரொக் குற்றஞ்சாட்டினார். போர் முடிந்தபோது புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்கள், அரச கணக்கின்படி 594 பேர். அவர்களில் பலர் வெள்ளவத்தையிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள இரத்மலானை இந்துக் கல்லூரியில் தங்கிப் படித்துப் பரீட்சை எழுதினார்கள். 2010இல் வீடு திரும்பினார்கள்.

அவர்கள் இன்று முப்பதுகளில் இருக்கிறார்கள். தங்களுக்கு நடந்ததை அச்சமின்றிப் பேச, ஃபெட்டருக்குக் கிடைத்ததுபோன்ற ஒரு வட்டம் அவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது? ‘முன்னாள் போராளி’ என்ற அடையாளமும் அதன் பின்னால் வரும் விசாரணைகளும் பேச விடுவதில்லை. வீரம் என்றும் துரோகம் என்றும் எங்கள் சமூகம் போடும் கணக்கும் விடுவதில்லை.

சாகசக் கதைகளைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்து சேர்ந்து பாருங்கள். முடிந்ததும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அந்தப் பிள்ளை “என்னால் ஏலாது” என்று சொல்லியிருந்தால், கதையிலுள்ள பெரியவர்கள் என்ன செய்திருப்பார்கள்?