உங்களுக்குத் தெரியுமா? வேகம் குறைந்தால் எண்ணெய் மிஞ்சும்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்ததைத் தொடர்ந்து, நெதர்லாந்து அவ்வாண்டு நவம்பர் 4 முதல் சில வாரங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதைத் தடைசெய்தது. அமெரிக்காவோ, 1974 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தின் வழி, நெடுஞ்சாலை வேகத்தின் உச்சவரம்பை மணிக்கு 55 மைலாக, அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டராக, நிர்ணயிக்க வகைசெய்தது.

ஓடும் வண்டியைக் காற்று எதிர்த்துத் தள்ளும் விசையாகிய காற்றுத்தடை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், வேகம் இரட்டிக்கும்போது அவ்விசை நான்கு மடங்காகிறது என்பதே இவ்வேகக் கட்டுப்பாட்டின் அறிவியல் அடிப்படையாகும். அவ்வாறே, உருளும் டயர் நசுங்கி மீள்கையில் ஆற்றலை வீணாக்கும் உருளல் தடை, காற்று குறைந்த டயரில் மிகுதியாக இருப்பதால், மாதம் ஒருமுறை காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பது பயன்தரும்; தேவையற்ற சுமையை வண்டியிலிருந்து இறக்கிவைப்பதும், சிக்னலில் நெடுநேரம் நிற்க நேர்ந்தால் எஞ்சினை அணைப்பதும் பெட்ரோல் செலவைக் குறைக்கின்றன.

சமையலறையில், பருப்பை முன்கூட்டியே ஊறவைத்து, பாத்திரத்தை மூடிச் சமைப்பதும், கொதி வந்தபின் தீயைக் குறைப்பதும் எரிவாயுவை மிச்சப்படுத்துகின்றன; கச்சா எண்ணெய்த் தேவையில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் இந்தியாவில், இச்சிறு சிக்கனங்கள் ஒன்றுசேர்ந்து அந்நியச் செலாவணியையும் காக்கின்றன.